சித்திரை வெயிலில் சாக்ஸ்

சித்திரை வெயிலில் பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சாக்ஸ் மாட்டி விழுப்புரம் பஸ்ஸில் கூட்டிப்போகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அம்சாவோ அந்தச் சாக்ஸ் இறங்கிவிடாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள். மகன் தமிழ்மணியின் கணுக்காலில் துணி இறுக்கிய தடம் இருந்தது. அது யார் கண்ணிலாவது பட்டால் பையனைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

தமிழ்மணிக்குப் பேச்சு வராது. தண்ணீர் என்றால் உயிர். கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் பயிர் வைக்கிற கொல்லையில் இருக்கிற கிணற்றுக்கோ சுற்றுச்சுவர் கிடையாது. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நாளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எத்தனை நேரம்தான் பார்ப்பது? ஒருமுறை கிணற்று விளிம்புக்கே போய்விட்டான். அன்றிலிருந்து பழைய புடவையைக் கிழித்து அவன் காலை வேப்பமரத்தில் கட்டிவிட்டுத்தான் வேலைக்குக் குனிவாள். கணவன் சீனுவாசன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல மோட்டார் போடப் போய்விடுவான். நல்ல மனிதன்தான். ஆனால் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க நல்ல மனிதர்களுக்கு எப்போதும் ஏதாவது வேலை கிடைத்துவிடுகிறது.

பையன் சரியாகத் தூங்கமாட்டான், அதனால் அவளுக்கும் தூக்கமில்லை. சமீபமாக அந்தக் கிணற்றைப் பார்த்தால் அவளுக்கே வேறு நினைப்பு வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் நடந்தது இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கான கூட்டம். பெற்றோர் மட்டும் வந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இருந்தால் அவள் ஏன் கூட்டத்துக்கு வரப்போகிறாள்?

கூட்டத்தை நடத்திய கலைப்பிரியா மனநல ஆலோசகர். பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நீங்கள் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அம்சாவின் முறை வந்ததும், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தமிழ்மணி சாக்ஸைக் கழற்றிக் கூடத்தின் நடுவில் வீசினான். பாவம், வீட்டிலிருந்தே அது அவனுக்கு அரித்துக்கொண்டிருந்தது.

தடம் பளிச்சென்று தெரிந்தது. அம்சா முந்தானையால் மூடப் பார்த்தாள்.

எதிர் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்து சாக்ஸைப் பொறுக்கிக் கொடுத்தாள். பெயர் சூசை மேரி. அம்சாவின் பஸ் தடத்திலேயே நாலு ஊர் தள்ளி இருக்கிறவள்.

"எனக்கும் பொண்ணு கீது. நான் கட்றதில்ல, உள்ள வெச்சிப் பூட்டிடுவேன். அது கதவத் தட்டிக்கினே இருக்கும். நான் காதப் பொத்திக்கினு பாத்திரம் தேய்ப்பேன்" என்றாள்.

கூடத்தில் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கலைப்பிரியா அதட்டவில்லை. பிள்ளையை யாரும் பிடுங்கிக்கொண்டு போகப்போவதில்லை என்று முதலில் சொன்னார். பிறகு கேட்டார்: "கட்டக்கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்க்கா. உங்களுக்கு ஒத்தாசைக்கு யாரு இருக்காங்க? அதச் சொல்லுங்க."

"மல்லாட்ட புடுங்க எங்க கொல்லைக்குப் பத்து பேரு வருவாங்க. அவங்க கொல்லைக்கு நானும் போவேன். இவனப் பாத்துக்க மட்டும் ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள் அம்சா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை.

சூசை மேரி கொஞ்சம் யோசித்தாள். "அதே கணக்குதான். செவ்வாக்கிழம நான் வர்றேன். அடுத்த செவ்வா எங்க வூட்டுக்கு நீ வா."

கூட்டம் முடிந்த பிறகு அம்சா கலைப்பிரியாவிடம் தனியாகக் கிணற்று நினைப்பைச் சொன்னாள். அவர் பதறாமல் முழுதும் கேட்டார். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூடவே வந்து மனநல டாக்டரிடம் உட்கார வைத்தார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமும் வரச் சொன்னார். சீனுவாசனையும் கூட்டி வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சூசை மேரி மகளோடு வந்து இறங்கினாள். அம்சா கொல்லைக்குக் கிளம்ப, அதெல்லாம் அப்புறம், முதலில் படு என்று சூசை மேரி பாயை விரித்தாள். கொஞ்சம் கண்ணசரலாம் என்று படுத்தவள் எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. உயிர் போய்விட்டது அவளுக்கு. கிணற்றைப் பார்க்கத் தலைவிரிகோலமாக ஓடினாள்.

வேப்பமரத்தடியில் இரண்டு பிள்ளைகளும் அலுமினிய அன்னக்கூடையில் நிரப்பிய தண்ணீரில் கை அளைந்துகொண்டிருந்தார்கள். சூசை மேரி பக்கத்திலேயே உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே, என்ன செய்வதென்று தெரியாமல் சீனுவாசன் நின்றான். வேற்றூர்க்காரி ஒருத்தி தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பகல் முழுக்கப் பார்த்திருக்கிறான்.

"நாளைக்கு நான் பாத்துக்கறேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சூசை மேரி மரத்திலிருந்து அந்தப் புடவைக் கிழிசலை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இத நான் எடுத்துக்கினு போறேன். அடுத்த செவ்வா வர்றியே, எங்க வூட்டுப் பூட்ட நீ எடுத்துக்கினு போயிடு."