பேப்பர் ஒட்டிய கண்ணாடி

பொம்மைகளின் உடையை மாற்றுவதற்கு முன் முகப்புக் கண்ணாடியில் பேப்பர் ஒட்டிவிட வேண்டும் என்பது எங்கள் துணிக்கடையின் சட்டம். வேறு எந்தச் சட்டத்தையும் முதலாளி இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. பழைய செய்தித்தாள்களைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறும்படி உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு போவேன். விரல் அகலம் இடைவெளி இருந்தாலும் தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். பார்க்க உள்ளே எதுவும் கிடையாது. பொம்மையின் கைகள் தோளிலிருந்து கழன்று வரும். இடுப்பில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரு திருகில் சேரும். தொடைகள் சேருமிடம் முட்டை ஓடு போல வழவழவென்று இருக்கும். ஒருமுறை இதைச் சொன்னேன். "அதெல்லாம் பேசாத. பொம்பளப் பொம்மைன்னா பொம்பளப் பொம்மைதான். மானம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் முதலாளி. ஆண் பொம்மைகளுக்கு அவர் பேப்பர் ஒட்டச் சொன்னதில்லை.

பகலில் எனக்கு இந்த வேலை. மாலையில் சுகாதாரக் கல்வி வகுப்பு. வளரும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றியும், ஆண் பெண் என்பதைப் பற்றியும், ஆசையைப் பற்றியும் பயமில்லாமல் சொல்லிக்கொடுக்க எங்களைத் தயார் செய்கிறார்கள். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாதான் பயிற்சி டீச்சர். ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதிவைக்கச் சொல்வார். எனக்கு இது பிடித்த வேலை. நான் எதையும் முறையாகச் செய்கிறவள். செய்த பிறகும் சரியாகத்தான் செய்தேனா என்று மனம் அடித்துக்கொள்கிறவள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வீடு என்றால் அக்காவின் வீடு. அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். மாமாவுக்கு வெளியூரில் வேலை. எப்போதாவது வந்து போவார். அக்காவின் மகளும் நானும் ஒரே அறையில் படுக்கிறோம். வீட்டில் அவள் பாப்பா. பதினைந்து வயது முடிந்தும் பாப்பாதான். நல்ல உயரம், ஒட்டிய உடம்பு, சற்றுக் கட்டையான குரல். பள்ளிக்கூடத்தில் அவளைத் "தம்பி" என்று கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

பயிற்சியின் முடிவில் ஒரு நிஜப் பள்ளிக்கூடத்தில் ஒரு நிஜ வகுப்பு எடுக்க வேண்டும். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். அதில் தேறினால் மருத்துவமனையில் வேலைக்கு எழுதிப்போடலாம்; பொம்மைகளுக்குப் பேப்பர் ஒட்டுகிற வேலைக்கு ஒரு கும்பிடு போடலாம். எனக்குக் கிடைத்தது பாப்பாவின் பள்ளிக்கூடம், பாப்பாவின் வகுப்பு. அவளைக் கட்டிலில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சித்தி, டீச்சர் மாதிரியே இல்ல. ஸ்டேஷன்ல ரயில் வருதுன்னு மைக்குல சொல்லுவாங்களே, அந்த மாதிரி இருக்கு."

"சரிடி, கேலி பண்ணினது போதும். ஏதாவது கேள்வி கேளு. கேள்வி வந்தா நான் திணறக் கூடாது."

தலையணை உறையின் ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். "எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு. அவளுக்கு இன்னும் வரவே இல்லையாம். மத்த எல்லாருக்கும் வந்துருச்சு. அப்ப அவ பொண்ணு இல்லையா?"

"யாரு அது?"

"யாரோ. உனக்கெதுக்கு? பதிலைச் சொல்லு."

பதில் எனக்கு ஏறக்குறையத் தெரியும். ஏறக்குறையத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அது தப்பாகிப்போனால் என்ற பயம் வந்தது. "டீச்சர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்றேன். "நீ கேள்வி கேக்கச் சொன்னதே ஒத்திகைக்குத்தானே" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை டீச்சரிடம் கேட்டேன். "வராததுக்குப் பல காரணம் இருக்கும்மா. சிலருக்கு உடம்பு மெதுவா வளரும், சிலருக்குச் சத்து பத்தாது, சிலருக்குப் பிறவியிலேயே உள்ள அமைப்பு வேற மாதிரி இருக்கும். பதினஞ்சு முடிஞ்சும் வரலன்னா கண்டிப்பா டாக்டரைப் பாக்கணும், தள்ளிப்போடக் கூடாது. ஆனா பொண்ணா இல்லையான்னு அதை வச்சு எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது" என்றார். வரி வரியாக எழுதிக்கொண்டேன். அந்த வகுப்பில் எவளோ ஒருத்தி இந்தக் கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இதை நானே நேரில் சொல்லப்போகிறேன் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போனதும் பாப்பா, "கேட்டியா?" என்றாள். "கேட்டேன். வகுப்புல சொல்றேன், அப்பதான் அந்தப் பொண்ணுக்கும் போய்ச் சேரும்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் என் பாட அட்டவணையில் கேள்விகளுக்கான நேரத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பாடத்துக்காக முதலாளியிடம் ஒரு கை உடைந்த பொம்மையை இரவல் கேட்டு வாங்கியிருந்தேன். உள்ளுறுப்புகளைக் கலர் துணியில் வெட்டி, அதன் வயிற்றில் ஒட்டிக் காட்டுவதாகத் திட்டம். வாசலிலேயே தலைமையாசிரியை மறித்துவிட்டார். "என்னம்மா இது, அம்மணமா? ஒரு கவுனை மாட்டிட்டு உள்ள கொண்டு போங்க." பள்ளிக்கூட நாடகத்துக்குத் தைத்த ஒரு தேவதை கவுன் கிடைத்தது. அதன் ஜிகினாவுக்கு மேல் கர்ப்பப்பையை ஊசி குத்தி மாட்டினேன். "அப்புறம், பசங்கள கிரவுண்டுக்கு அனுப்பிட்டேன். அவனுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? கெட்டுப்போறதுக்கா?" என்றார் தலைமையாசிரியை. பாடம் இரண்டு பேருக்கும்தான் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் இடுக்குகளில் நிழல் ஆடியது. கிரவுண்டில் யாரும் விளையாடவில்லை.

வகுப்பு நன்றாகவே போனது. பெண்கள் முதலில் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, கவனித்தார்கள். பாப்பா நடுவரிசையில், உயரத்தை மறைக்கக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் பேசினேன். சொந்தக்காரப் பெண் என்று சலுகை காட்டியதாக டீச்சர் நினைத்துவிடக் கூடாது.

"உங்கள்ல ஒருத்தரோட கேள்வி எனக்குத் தெரிய வந்தது. யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல" என்று தொடங்கி, டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. சொல்லி முடித்தபோது முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாகப் பின்னால் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவளும் திரும்பினாள். ஒவ்வொரு தலையாகத் திரும்பி, எல்லாத் தலைகளும் ஒரே இடத்தில் நின்றன. ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு பையனின் குரல், "டேய் தம்பி, உன்னைத்தான்டா சொல்றாங்க!" என்றது.

சிரிப்பு உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக வெடித்தது. பாப்பாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் குளியலறை அலமாரியில் மாதாமாதம் பாக்கெட்டிலிருந்து நாப்கின் குறைந்தது, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தது, அக்கா வெந்நீர்ப் பை கொடுத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இரண்டு வருஷமாக அக்காவையும் என்னையும் வைத்து ஒரு நாடகம் நடத்தியிருக்கிறாள். கையில் அட்டவணை இருந்தது. அதில் அடுத்ததாக என்ன எழுதியிருந்ததோ அதைப் படித்தேன். பிறகு அதற்கடுத்ததை.

டீச்சர் முழு மார்க் போட்டார். "அந்தக் கேள்வியை எடுத்தது ரொம்பத் துணிச்சல். சத்தம் கிளம்பினப்பவும் பாடத்தை விடல பாரு, அதுதான் பயிற்சி" என்று முதுகில் தட்டினார். கவுன் போட்ட பொம்மையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பையன்கள் வழிவிட்டார்கள். பாப்பா எனக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தாள்.

சலவைக் கடைக்குத் துணி போட வந்த யாரோ ஒரு தாய் அக்காவிடம் துக்கம் விசாரித்திருக்கிறாள். அக்கா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் பாடத்துக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா? ஊருக்கே தமுக்கு அடிச்சிட்டு வந்து நிக்கிறியே!"

"அக்கா, அவதான்னு எனக்குத் தெரியாது."

"ஒரே ரூம்ல படுக்கிற. தெரியாதாம்! பெரிய படிப்புப் படிக்கிறாளாம்."

அக்காவுக்கும் தெரியாதே என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டு, "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். தள்ளிப்போடக் கூடாதுன்னு சொல்றாங்க. டீச்சருக்குத் தெரிஞ்ச டாக்டரம்மாவே இருக்காங்க" என்றேன்.

"எதுக்கு? அங்க போய் உக்காந்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? டாக்டர் ஏதாவது ஒண்ணைச் சொல்லிட்டா அப்புறம் அதை இல்லன்னு ஆக்க முடியுமா? எவன் கட்டுவான் அவளை?" கடைசி வார்த்தையில் அக்காவின் குரல் உடைந்தது. "தானா வரும். எங்க பெரியம்மா மகளுக்கு லேட்டாத்தான் வந்துச்சு. நீ வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்."

அறைக்குள் பாப்பா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று முதல் என்னுடன் பேசவில்லை. நான் அக்காவிடம் தினமும் கேட்டேன்; சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், வாசலில் செருப்பு மாட்டும்போதும். டாக்டரம்மாவிடம் நான் மட்டும் போய்ப் பேசிப் பார்த்தேன். பெற்ற அம்மா வந்தால்தான் பரிசோதிக்க முடியும் என்றார். பயிற்சிச் சான்றிதழ் வந்தது. அதை எடுத்துப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். நடந்ததை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தால், எது நன்றாக நடந்தது என்ற இடத்தில் டீச்சர் பாராட்டியதுதான் வந்து நின்றது. எது நடக்கவில்லை என்ற இடத்திலும் அதேதான்.

இன்று காலை கடை திறப்பதற்கு முன் பேப்பர் ஒட்டி முடித்து, ஒரு பொம்மையின் கையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கதவு வழியாகப் பள்ளிச் சீருடையில் பாப்பா வந்து நின்றாள்.

"ஸ்கூல் போகலையா?"

"போனேன். கேட் வரைக்கும்."

பொம்மைகள் நிற்கும் ஜன்னல் மேடையில் ஏறி என் பக்கத்தில் வந்தாள். நான் கழற்றிய கையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். உடையில்லாமல் நின்ற பொம்மையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்; கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பது போல நிதானமாக.

"இதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லல்ல, சித்தி?"

"இல்ல. வெறும் கூடுதான்."

"இதை மட்டும் பொண்ணுன்னு எல்லாரும் ஒத்துக்கிறாங்க. பேப்பரெல்லாம் ஒட்டுறாங்க."

நான் பொம்மைக்குப் புதுக் கவுனை மாட்டிப் பொத்தான்களைப் போட்டேன். ஒன்று தவறிப் போய், மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் உன்கிட்டத்தானே கேட்டேன்."

"நீ வேற ஒரு பொண்ணுன்னு சொன்ன..."

"வேற எப்படிக் கேப்பாங்க?"

"அம்மாகிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றேன். "தெரியும். சுவரு வழியா கேக்குது" என்றாள். பிறகு, "அவங்க வரமாட்டாங்க சித்தி" என்றாள், ஆறுதல் சொல்வது போல.

உள்ளேயிருந்து முதலாளி கத்தினார். "என்னம்மா, முடிஞ்சுதா இல்லையா? பேப்பரை எடு, வெளிய ஆளுங்க வந்துட்டாங்க!"

"இறங்கு பாப்பா."

அவள் இறங்கவில்லை. பொம்மையின் கையை மார்போடு அணைத்து, கூனாமல், முழு உயரத்துக்கும் நிமிர்ந்து இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் நின்றாள். "நீ எடு" என்றாள். முதலாளி மறுபடி கூப்பிட்டார். நான் மேலே இருந்த ஒரு தாளை உரித்தேன். வெளிச்சம் பட்டையாக அவள் நெற்றியில் விழுந்தது. அடுத்ததையும் உரித்தேன். தெருவில் தகப்பனின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டு வந்தது. விரல் பாப்பாவிடம் வந்து நின்றது. அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. நான் அடுத்த தாளின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.