ஏழாம் கட்டில்

முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் வார்டில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இல்லத்தில் இருபது பேரின் குளியல் நேரம், கோபதாபம், பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இங்கே முகம் மனதில் பதிவதற்குள் கட்டிலில் வேறு ஆள் கிடந்தார். மானிட்டர் கத்தினால் அவளுக்குக் கைகால் ஓடாது. "அக்கா இன்னும் இல்லத்துக் கடிகாரத்துலதான் ஓடுறாங்க" என்று மற்ற நர்ஸ்கள் கிண்டலடித்தார்கள்.

ஒரு மதியம் ஏழாம் கட்டிலில் லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். முறிந்த காலில் காலையில்தான் ஆபரேஷன், மாவுக்கட்டோடு அரைமயக்கம். மானிட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. குறித்துக்கொண்டு நகர்ந்தாள்.

"பட்டனம்மா."

அப்படியே நின்றுவிட்டாள். அவளை அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். இல்லத்தில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் தையல்காரர். யூனிஃபார்மில் எப்போதும் ஒரு பட்டன் தொங்குவதைப் பார்த்து அவர் வைத்த பேர். டிரைவரின் வாயிலிருந்து வந்ததும் அவருடைய அதே குழறல்.

"மெஷினப் பாக்காத. கால் விரலத் தொட்டுப் பாரு."

தொட்டாள். ஐஸாக இருந்தது. நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது சிவக்கவே இல்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். மாவுக்கட்டைப் பிரித்து, ஆளை மறுபடி தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா கால எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர்.

மறுநாள் கேட்டபோது, தான் எதுவும் பேசியதாக டிரைவருக்கு ஞாபகமே இல்லை.

தையல்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்தாள். வேலை மாறும்போது அவரிடம் சொல்ல மனசு வராமல், அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நழுவி வந்திருந்தாள். லீவு நாளில் இல்லத்துக்குப் போனாள்.

அவர் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. சொல்லாமப் போயிட்டியே."

"தப்புதாங்க ஐயா."

"அத விடு. லாரிக்காரன் கால் தப்பிச்சுதா?"

அவள் இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலையை ஆட்டினாள்.

"நல்லது. பதினோராம் கட்டில் அம்மாவையும் கொஞ்சம் பாரு. வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க."

பதினோராம் கட்டில் நேற்று காலியாக இருந்தது. வெளியே வந்து வார்டுக்குப் போன் போட்டாள்.

"பதினொண்ணுல யாரு?"

"இப்பத்தாங்க்கா ஒரு அம்மாவப் படுக்க வச்சோம். உங்களுக்கு யாரு சொன்னா?"

"அவங்க வயித்தத் தொட்டுப் பாரு. நான் வந்துட்டிருக்கேன்" என்றாள். வயிறு என்று தையல்காரர் சொல்லவே இல்லை என்பது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.