நிலவழகன் டைப் செய்கிறார்…

1

ஆமாம், அதே டேப்லெட்தான். எட்டு இஞ்ச், கறுப்புச் சட்டம், ஆன் செய்தால் ஒரு ஆந்தை வந்து "வணக்கம் மாணவரே" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் நகரமாட்டேன் என்று நிற்குமே, அது. ஆந்தையைக் கொடுத்த டியூஷன் கம்பெனி கடையை மூடிவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆந்தை மட்டும் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க வீட்டுக்கு வீடு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. "ஆந்தையை விரட்டுவோம்" வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். மேலே ஒரு வரி வந்தது: நிலவழகன் டைப் செய்கிறார்… வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷத்தில் அவன் என்ன அடித்தான், எதையெல்லாம் அழித்தான் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சி செய்தேன்.

"கந்தர்வக்கோட்டையின் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வெயில் சல்லடை போட்டுச் சலித்த மாதிரி…" (வேண்டாம். இந்தக் கதையில் முந்திரிக்கு வேலையே இல்லை.)

"நிலவழகன் நல்லவன்." (யாராவது நம்புவார்களா?)

"நிலவழகன் கெட்டவன்." (இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே அழித்துவிட்டேன். காரணம் மூன்றில் வருகிறது.)

3

நிலவழகனுக்கு இருபத்து நாலு வயது. கந்தர்வக்கோட்டை. அந்த ஆந்தையை மாவட்டத்திலேயே முதலில் விரட்டியவன் அவன்தான். பூட்டைத் திறந்தான், அதோடு நிற்காமல் ரூட்டும் செய்தான்.* திறந்த கையோடு தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிக் குழுவில் போட்டான். எட்டுப் படி. மேலே "தயாரிப்பு: நிலவழகன், கந்தர்வக்கோட்டை" என்று தடித்த எழுத்து.

(* இரண்டும் ஒன்றில்லை. பூட்டைத் திறப்பது வீட்டுச் சாவி கைக்கு வருவது மாதிரி. ரூட் செய்வது பத்திரமே நம் பெயருக்கு மாறுவது மாதிரி. பத்திரம் மாறினால்தான் ஆந்தையை வெளியே தள்ள முடியும்.)

எட்டுப் படியையும் பிசகாமல் செய்தவர்களுக்கு ஒரே மாதிரி நடந்தது. ஆந்தை போய்விடும், ஆனால் டேப்லெட் எழுந்திருக்காது. கம்பெனி லோகோ வந்து சுற்றும், அணையும், மறுபடி வந்து சுற்றும். அப்புறம் என்ன, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

சொர்ணம் அக்கா அப்படித்தான் வந்தார்.

"தம்பி, கும்மியடிக்கிற மாதிரி சுத்திக்கிட்டே கெடக்குய்யா. நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டனா?"

"ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் அங்கிட்டு உக்காருங்க."

லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். முதுகை நமக்குக் காட்டினான். மூன்று நிமிஷம். டேப்லெட் எழுந்துவிட்டது.

"அம்மாடி! என்னய்யா பண்ணுனே?"

"கைராசிக்கா. அவ்வளவுதான்."

காசு வாங்கமாட்டான். டீ கூட வேண்டாம் என்பான். அவனுக்கு வேண்டியது சொர்ணம் அக்கா பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் சொல்லிக்கொண்டு போகும் அந்த ஒரு வாக்கியம்: "நிலவழகன் கை வச்சாத்தான் எந்திரிக்குது." அக்கா அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டேப்லெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பொட்டு சரியாகக் கேமராமேல் விழுந்துவிட்டது. இன்றைக்கும் அவர் எடுக்கும் போட்டோவெல்லாம் சிவப்பாகத்தான் இருக்கும்.

இப்போது என் காரணம். நானும் மஞ்சப்பையோடு அந்த முதுகுக்குப் பின்னால் நின்றவன்தான். எட்டிப் பார்த்தேன். அவன் தோளை இன்னும் கொஞ்சம் அகட்டினான். கம்ப்யூட்டர் படித்தவன் நான், அவன் படித்தது பி.காம். வயிறு எரிந்தது. ஆகவே நான் அவனைப் பற்றி எழுதுவதில் பத்துக்கு இரண்டைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

5

(நாலு எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? வருகிறது.)

பிளெஸ்ஸிக்குத் திருமயத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அவளுடைய டேப்லெட்டும் கும்மியடித்தது. அவள் பையை எடுக்கவில்லை, போனை எடுத்தாள்.

"அண்ணே, லோகோவுலயே சுத்துதுண்ணே. நடுவுல ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

"எதும் விட்டுப்போகல. கொண்டு வாம்மா, பாத்துக்கலாம்."

"லீவு இல்லண்ணே. ரெண்டு பஸ் மாறணும். சொன்னீங்கன்னா நானே பண்ணிப் பாப்பேன்."

"இது சொல்லிப் பண்றதில்லம்மா. கை வச்சுப் பண்றது."

"சரிங்கண்ணே" என்று வைத்துவிட்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி போட்டாள். அதை அப்படியே தருகிறேன்:

"நிலவழகன் அண்ணா டைப் பண்ணும்போது நாலாவது படி விட்டுப்போச்சுபோல. கண்டுபுடிச்சு சேத்துட்டேன். ஃபைலும் போட்டிருக்கேன். இனிமே யாரும் பஸ் ஏற வேணாம். ரொம்ப நன்றிண்ணா, நீங்க இல்லாட்டி இது இல்லை."

ஒன்பது படி. மேலே அவன் பெயர் அப்படியே இருந்தது. அவள் தன் பெயரை எங்கேயும் போடவில்லை.

திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவன் செய்ததைக் கைப்பிழை என்று நம்பி, நன்றியும் சொல்லி, குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர் அதற்குக் கைதட்டல் படம் போட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு கைதட்டலையும் யார் போட்டது என்று அழுத்தி அழுத்திப் பார்த்தான். சொர்ணம் அக்காவும் போட்டிருந்தார். அந்தச் சொர்ணம் அக்கா!

அவனுடைய அக்கா இலக்கியா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, அந்தப் புள்ள ஒனக்கு நன்றிதானே போட்டுருக்கு? மொகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்கே?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எங்கேயோ நெட்டுல பாத்து எடுத்துப் போட்டிருக்கா."

"நீ மட்டும் என்ன, வயித்துலேருந்தா எடுத்தே?"

அந்த வாரம் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தான். பிளெஸ்ஸி போட்டிருந்த படிகளை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தான். எங்கேயாவது ஒரு தப்பு இருக்காதா?

இருந்தது.

4

இப்போது சொல்கிறேன். நான் மறைத்துவைத்த மாதிரிதான் அவனும் மறைத்துவைத்தான். ஆனால் அவன் அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் எனக்கு வரவில்லை. நான் மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று போட்டு மாட்டிக்கொண்டேன். அவன் நாலை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாக எண் போட்டுவிட்டான்.

நாலாவது படி இதுதான். டேப்லெட் ஒவ்வொரு முறை எழும்போதும் "கம்பெனி வைத்த முத்திரை கலையாமல் இருக்கிறதா?" என்று தனக்குத்தானே சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனையை நிறுத்துவதற்கு ஒரு சின்ன ஃபைல் உண்டு. சத்தம் குறைக்கும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே லேப்டாப்பிலிருந்தோ போனிலிருந்தோ கேபிளைச் செருகினால் ஃபைல் உள்ளே போய்விடும். ஒரு நிமிஷ வேலை. கைராசி என்பது அந்த ஃபைல்தான்.

ஆனால் கம்பெனி இரண்டு தடவை டேப்லெட் கொடுத்தது. வெளியே ஒரு வித்தியாசமும் கிடையாது. பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் கடைசி எழுத்து மட்டும் மாறும்: முதலில் வந்தது ஏ, பிறகு வந்தது பி. ஏ ஃபைலை பி-யில் போட்டால் கும்மிகூட அடிக்காது. ஒரேயடியாகப் போய்விடும். இது பிளெஸ்ஸிக்குத் தெரியாது, அவள் கையில் இருந்தது ஒரே ஒரு டேப்லெட், ஏ. நிலவழகன் கையில் நாற்பதுக்குமேல் ஏறி இறங்கியிருக்கிறது. அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், முதன்முதலில் அவன் கொன்ற பி இலக்கியாவுடையது. "பேட்டரி போச்சுக்கா" என்று சொல்லி பீரோவுக்குமேல் போட்டுவைத்திருக்கிறான். அதற்கப்புறம் பி-க்கான ஃபைலைத் தேடிப் பிடித்துத் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டான், ஒரு வருஷமாக.

(அவனை இவ்வளவு மோசமாக்க வேண்டுமா என்று நேற்று ஒரு சந்தேகம் வந்தது. பீரோவை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கதை நிற்கவில்லை. திரும்ப ஏற்றிவிட்டேன்.)

தப்பைக் கண்டுபிடித்தவன் குழுவில் சொன்னானா? சொல்லவில்லை. யாராவது ஒருவர் பி-யில் போடட்டும் என்று காத்திருந்தான். ஒன்று போதும். ஒன்று செத்தால் அப்புறம் எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள்.

6

அந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். கோட்டைப்பட்டினம், அருள்தாஸ். போட்டில் வேலை. மனைவி சந்தனமேரி குழுவில் எழுதினார்:

"பூசை முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் உக்காந்துட்டோம். மூணு படி முடிஞ்சிருச்சு. நாளைக்கு இவுக கடலுக்குப் போறாக. போன்ல மேப்பு சின்னதாத் தெரியுதாம், இலங்கை எல்லைக்கோடு எங்கிட்டு இருக்குன்னே தெரியலையாம். பெரிசா இருந்தா கண்ணுக்குத் தெரியும். இப்ப பட்டனை அமுக்கிப் புடிச்சிருக்காக. கேபிள் என் கையில இருக்கு. செருகலாமா பிளெஸ்ஸி?"

கூடவே ஒரு படம். டேப்லெட்டின் முதுகு. நிலவழகன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

பி.

பிளெஸ்ஸி ஆன்லைனில் இல்லை. ஞாயிறும் அவளுக்கு டூட்டி.

அவன் டைப் செய்ய ஆரம்பித்தான்.

7

என்ன அடித்திருப்பான்? நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

முதலில்: "பிளெஸ்ஸி போட்டதுல ஒரு தப்பு இருக்கு." இதை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்திருப்பான், அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் என்ன தப்பு என்று கேட்பார்கள். பி-க்கு வேறு ஃபைல் என்று சொல்ல வேண்டும். அந்த ஃபைலைக் கொடுக்க வேண்டும். ஃபைலில் போன வருஷத் தேதி இருக்கும். நாலாவது படியைக் கைப்பிழையாக விட்டவன் என்று எல்லாரும் நம்புகிறவனிடம் நாலாவது படியின் ஃபைல், அதுவும் இரண்டு வகையில், ஒரு வருஷமாக எப்படி இருக்கிறது? அழித்தான்.

அடுத்து: "கொண்டு வாங்க, பாத்துக்கலாம்." விடியும்முன் போட் ஏறுகிற மனுஷன் கோட்டைப்பட்டினத்திலிருந்து எப்போது கிளம்பி எப்போது வந்து சேர்வது? "வேணாம் தம்பி, அந்தப் புள்ள போட்டதுலயே பண்ணிக்கிறோம்" என்று செருகிவிடுவார்கள். அழித்தான்.

அடுத்து ஒன்றுமே அடிக்காமல் போனைக் குப்புற வைத்தான். இதற்கு நான் ஒரு முடிவே எழுதிப் பார்த்தேன்: டேப்லெட் செத்துப்போகிறது. குழுவில் பிளெஸ்ஸியை ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டுக் குழுவைவிட்டு வெளியேறுகிறாள். அடுத்த ஞாயிறு அருள்தாஸ் கந்தர்வக்கோட்டைக்கு வருகிறார். "ஒங்க கைராசிக்குத்தான் வந்தேன் தம்பி" என்று பையை நீட்டுகிறார். நிலவழகன் லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகைக் காட்டி, மூன்று நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறான், செத்த பி எழாது என்று தெரிந்தே.

இந்த முடிவை நான் ரசித்து ரசித்து எழுதினேன். அந்த முதுகுக்குப் பின்னால் நின்ற என் வயிற்றெரிச்சல் எழுதியது அது. ஆகவே அதையும் எடுத்துவிடுகிறேன். (எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு விட்டுவைத்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.)

8

உண்மையில் குழுவில் வந்தது இவ்வளவுதான். பதினோரு நிமிஷம் கழித்து ஒரே ஒரு சொல்.

"இருங்க."

உடனே சந்தனமேரி: "இருக்கோம் தம்பி. ஆனா இவுகளுக்கு விரல் மரத்துப்போச்சு. சீக்கிரம் சொல்லுங்க."

அதற்குள் பிளெஸ்ஸி ஆன்லைனில் வந்துவிட்டாள். "என்னாச்சுண்ணே? நான் ஏதும் தப்பாப் போட்டுட்டனா?"

பாருங்கள், வாசலைத் திறந்துவிட்டாள். "ஆமாம்மா" என்று ஒரு சொல் போட்டுவிட்டு, பி ஃபைலின் பெயரையும் தேதியையும் மாற்றி, இப்போதுதான் தேடி எடுத்த மாதிரி அனுப்பிவிடலாம். டேப்லெட் எழுந்துவிடும், அருள்தாஸுக்குக் கோடு தெரியும், கைராசி திரும்ப வந்துவிடும், தப்பு அவள் தலையில் நின்றுவிடும். அல்லது "தப்பு உன்னதில்ல, நாலாவது படியை நான்தான் எடுத்தேன்" என்று எழுதலாம். அப்புறம் இருநூற்றுச் சொச்சம் பேரும் தாங்கள் ஏறிய பஸ்ஸை நினைத்துப் பார்ப்பார்கள். இலக்கியா பீரோவை நிமிர்ந்து பார்ப்பாள்.

அங்கே ஒரு மனுஷன் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மேலே மறுபடியும் அதே வரி: நிலவழகன் டைப் செய்கிறார்…

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நான் எழுதினால் பழிவாங்கிவிடுவேன், என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நீங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றதில்லை, உங்களுக்கு வயிறு எரியவில்லை. அதனால் போன் இப்போது உங்கள் கையில். அருள்தாஸுக்கு விரல் வலிக்கிறது, சீக்கிரம்: அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?