இடி மாஸ்டரின் முதுகுவலி

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்தக் கார் வெள்ளையா சாம்பலா, எதிரே வந்த பஸ்ஸில் கூட்டம் இருந்ததா இல்லையா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். குரலைப் பற்றி மட்டும் இரண்டு பேச்சு கிடையாது. இடி மாஸ்டரின் குரல் ஒருமுறை காதில் நுழைந்தால் அங்கேயே குடியேறிவிடும். பிறகு யார் சொன்னாலும் காலி செய்யாது.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரே ஒரு கார். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பெண்கள் கற்றுக்கொள்ள வந்தால் துணைக்கு அவர் மனைவி பின்சீட்டில் உட்காருவாள். அவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் யாருக்கு லைசென்ஸ் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைப் பிடரியைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அவர்களுடைய ஒரே மகளுக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையன் ஒருவன் தன் உம்மாவை முறைப்படி பெண் கேட்க அனுப்பினான். மகளுக்கும் சம்மதம். அது அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீரிலேயே தெரிந்தது. டம்ளரை நிரப்பிவிட்டு மேசையையும் நிரப்பினாள்.

பையனின் உம்மா பாத்திரக்கடை நடத்துகிறவள். பேச்சும் பாத்திரம் மாதிரிதான், தட்டினால் கணீரென்று இருக்கும்.

"பொண்ணு தங்கம். அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா பொண்ணோட வாப்பாவுக்குக் கோபம் வந்தா தெருவே நடுங்குமாமே?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். மனைவி இப்போதே மதினி முறை வைத்து முந்திக்கொண்டாள். "அதெல்லாம் சும்மா, மச்சி. சனங்க பேச்சு."

"இருக்கட்டும். நானும் ரொம்ப நாளா கார் ஓட்டப் பழகணும்னு இருக்கேன். மாஸ்டர்கிட்டயே படிக்கிறேன். பாடம் முடியட்டும், பதில் சொல்றேன்."

அவள் போனதும் மகள் வந்து நின்றாள். "வாப்பா, நான் உங்ககிட்ட நகை கேட்கல, நட்டு கேட்கல. ஒரே ஒண்ணுதான் கேட்கிறேன். கத்தாதீங்க."

"நான் எப்பம்மா கத்தினேன்?" என்றார் மாஸ்டர். ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மாஸ்டர் பள்ளிவாசலிலேயே தங்கினார். இமாம் வயதில் சின்னவர். மாஸ்டரிடம் படித்துத்தான் லைசென்ஸ் வாங்கியவர்.

"ஹஜ்ரத், கோபத்துக்கு ஒரு வழி சொல்லுங்க."

இமாம் பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "உங்ககிட்ட படிக்கும்போதே சொல்லணும்னு நெனச்சேன் மாஸ்டர். நீங்க எங்க என்னை வாயத் திறக்க விட்டீங்க?" பிறகு சொன்னார். கோபம் வந்தால் நிற்கிறவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும். வாயை மூடிக்கொள்ள வேண்டும். கை, முகம், கால் கழுவி ஒளூ செய்ய வேண்டும். நபிகள் நாயகம் காட்டிக்கொடுத்த வழி, சுன்னத்து.

மாஸ்டர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நிற்பது, உட்காருவது, படுப்பது. கியர் மாற்றுவது மாதிரி ஒழுங்காக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் வேலையே உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆக, கோபம் வந்தால் நேரே கடைசிக் கியர்தான்.

முதல் பாடத்தில் பாத்திரக்கடைக்காரம்மா கிளட்ச்சை மிதிக்காமலே கியரைப் போட்டாள். கார் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியது போல் அலறியது. மாஸ்டரின் அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி, மார்பைத் தாண்டி, தொண்டைக்கு வந்து நின்றது. அவர் கை சீட்டுக்குப் பக்கத்தில் தடவியது. சீட்டைச் சாய்க்கும் நெம்புகோல் அகப்பட்டது. சடக்.

மாஸ்டர் மல்லாந்துவிட்டார். அவர் தலை பின்சீட்டில் மனைவியின் மடிக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது.

"ஐயோ, என்னாச்சு?" என்றாள் பாத்திரக்கடைக்காரம்மா.

கோபம் என்று எப்படிச் சொல்வது? "முதுகு" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் வலி. நீங்க ஓட்டுங்க."

மனைவி குனிந்து தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

"சும்மா இரு. சுன்னத்து."

அதற்குப் பிறகு கார் அணையும்போதெல்லாம் மாஸ்டர் சாய்ந்தார். இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடியபோது சாய்ந்தார். நடைபாதையில் ஏறி இறங்கியபோது சாய்ந்தபடியே இன்னும் சாய முடியுமா என்று பார்த்தார். கால் மட்டும் பிரேக்கை விடவில்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் மனைவியின் முகத்தைப் பார்த்தே ஓட்டத்தைத் தெரிந்துகொண்டார். அவள் புருவம் உயர்ந்தால் லேசாக, வாய் திறந்தால் அழுத்தமாக. இத்தனை வருஷம் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடங்காத நாளில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பாட்டில் தண்ணீரில் ஒளூ செய்துவிட்டு வருவார். வாயிலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை.

ஆனால் பொய் சும்மா கிடக்குமா? அது குட்டி போட்டது. பாத்திரக்கடைக்காரம்மா தைலம் கொண்டுவந்தாள். மறுநாள் முதுகுக்கு வைக்கும் பட்டை ஒன்று வந்தது.

"பையன்கிட்ட சொல்லியிருக்கேன் மாஸ்டர். ஒரு எக்ஸ்ரே எடுத்துடுவோம். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா விடுங்களேன்."

அங்கேதான் கதை கோணிக்கொண்டது. மனுஷன் உட்கார முடியாமல் படுக்கிறார். எக்ஸ்ரே என்றால் மிரளுகிறார். அவள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். வீட்டில் போய் என்ன சொன்னாளோ, மகள் சாயங்காலம் முகம் வாடி வந்தாள்.

"வாப்பா, உங்களுக்குப் பெரிய வியாதி ஏதோ இருக்காம். மறைக்கிறீங்களாம். அவரே என்கிட்ட கேட்டாரு."

மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். தைலப் பாட்டிலைக் கையில் உருட்டினார். ஆள் ஒரு பொல்லாப்பை மூடி வைக்கப் போய், இல்லாத பொல்லாப்பு ஒன்று முளைத்துவிட்டது. கத்தியிருந்தால் கோபக்காரன் என்று போயிருக்கும். கத்தாததால் நோயாளி. வாயை மூடச் சொன்ன இடத்தில் பொய் சொல்லச் சொல்லவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

கடைசிப் பாடத்தன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் காரில் ஏறினார். அதற்குள் பாத்திரக்கடைக்காரம்மா இரண்டாம் கியரிலேயே கடைத்தெருவைப் பாதி கடந்துவிட்டாள். எஞ்சின் கதறியது. சடக். மாஸ்டர் படுத்துவிட்டார்.

"மாஸ்டர், எனக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது" என்று அவள் ஆரம்பித்தாள். "நோயை மறைச்சுப் பொண்ணு கொடுக்கிறது நியாயமில்ல. இந்தச் சம்பந்தம் சரிப்படாதுன்னு..."

முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தாளோ என்னவோ, சாலையை விட்டுவிட்டு மாஸ்டரின் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் புருவம் உயரவில்லை. வாய் திறக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் எழுந்தது யாருக்கும் தெரியாது. குரல்தான் முதலில் எழுந்தது.

"பிரேக்க்க்!"

கார் நின்றது. எதிரே வந்த பஸ் நின்றது. அதன் பின்னால் வந்த பால்வண்டி நின்றது. குறுக்குத் தெருவில் ஒரு டாக்சி நின்றது. ஓரமாக நிறுத்துவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்த இமாமின் கார் நின்றது. ஏற்கெனவே நின்றிருந்த ஒரு வேனின் டிரைவர்கூட இன்னொரு தடவை மிதித்துவைத்தான். அந்தத் தெருவில் வண்டி ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் மாஸ்டரிடம் படித்தவர்கள்.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "மாஸ்டர், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ இல்ல, போ!"

"கண்ணாடி பார்த்துட்டுத்தான் வந்தேன், மாஸ்டர்..."

"போன்னு சொல்றேன்ல!"

பாத்திரக்கடைக்காரம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கிடந்தன. கடைசியில் மெல்லச் சொன்னாள். "இந்தத் தொண்டை இருக்கிற மனுஷனுக்கு என்ன நோய் இருக்கப் போகுது?"

அங்கேயே விட்டிருக்கலாம். தைலத்தில் முதுகு சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகளின் காரியம் ஆகிவிடும். மாஸ்டருக்கும் அது தெரியும்.

"முதுகு நல்லா இருக்குதும்மா. முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கோபம் வந்துச்சு. உட்கார்ந்தும் அடங்கலன்னா படுக்கணும்னு இருக்கு, அதனால படுத்தேன். முதுகுன்னு சொன்னதுதான் பொய். நீங்க கேள்விப்பட்டது நிஜம். நான் கோபக்காரன்தான்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள். "அப்போ படுத்ததெல்லாம் கோபமா?"

"எல்லாமே."

"வண்டி அணைஞ்சப்போ?"

"ஆமா."

"வைப்பர் ஓடினப்போ?"

"அதுக்கு நியாயமா குப்புறப் படுத்திருக்கணும், மச்சி" என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி.

பாத்திரக்கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. "என் வீட்டுக்காரர், அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும், கோபம் வந்தா பாத்திரத்தை எறிவார். பாத்திரக்கடை, எறியறதுக்குப் பஞ்சமா? எங்க குடும்பத்துல எறியத் தெரியும், வாங்கத் தெரியும். படுக்கத் தெரிஞ்ச ஒரு மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நிக்காஹுக்கு நாள் பாருங்க."

இமாம் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். "இப்போ கத்தினீங்களே மாஸ்டர், அது கோபமா?"

மாஸ்டர் யோசித்தார். கால் பிரேக்கை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது. கோபத்தில் அவர் கால் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. "இல்ல ஹஜ்ரத். பயம்" என்றார். சொன்ன பிறகு, இத்தனை வருஷம் கத்தியதில் எவ்வளவு பயம், எவ்வளவு கோபம் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. இமாமும் பிரித்துக் கொடுக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டதும் தம் காரை எடுக்க ஓடினார்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்; மருந்துக்கடையில் அவள்தான் பொறுப்பாளர். மாப்பிள்ளை அதே எக்ஸ்ரே அறையில் இருக்கிறார். பாத்திரக்கடைக்காரம்மா இரண்டு முறை தேர்வில் தவறி, மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கி, கடைக்குக் காரில் போய் வருகிறாள். இமாம் வேறு பள்ளிவாசலுக்கு மாறிப் போய்விட்டார். மாஸ்டர் இன்னும் கற்றுக்கொடுக்கிறார், முன்னைவிடக் குறைவாகக் கத்துகிறார். அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை.