கட்டிலுக்கு அடியில் இல்லாத கிதார்க்காரர்

1

ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவில் இல்லவே இல்லாத ஒரு கிதார்க்காரரை நான் வாசிக்க வைத்தேன். அந்த வாசிப்பில் மயங்கி ஆல்ஹம்பிரா கோட்டை அரையடி என் வீட்டுப் பக்கம் நகர்ந்து வந்தது. (அரையடி அதிகமென்றால் ஒரு விரற்கடை. அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.)

இந்தக் கதை பிறந்தது கீழ் வீட்டு ஃபுயென்சாந்தாவின் வாயில். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சிகளின் பொய்களை எழுதி எழுதியே கண் கெட்டவள். நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம் காட்டுகிறேன். கோட்டை நகர்ந்ததை இன்னும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அந்திச் சூரியன் உள்முற்றத்துச் சுவரில்...'

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையே இல்லை.

இரண்டாவது முயற்சி:

"ஏன்யா அன்செல்மோ, உன் கழுதைக்கு ஒரு கால் குட்டையா?"

இது சரி. உள்முற்றத்தைப் பார்த்த சமையலறை ஜன்னலிலிருந்து அவள் கத்தியது. கழுதை என்றது என் ட்ரெமோலோவை. கட்டைவிரல் கீழ்ச்சுரத்தைத் தட்ட, மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை அடுத்தடுத்து மீட்ட வேண்டும். சீராக வந்தால் ஒரு கிதார் இரண்டாகக் கேட்கும். எனக்கு அது நொண்டியது.

"வியாழக்கிழமை குடியிருப்போர் கூட்டம். கட்டடத்துல கிதாரே கூடாதுன்னு மாடிக்காரரு எழுதிக் கொடுத்திருக்காரு. பாதிப் பேரு அவரு பக்கம், பாதிப் பேரு உன் பக்கம்."

"நீங்க எந்தப் பக்கம் அம்மணி?"

"கழுதை நடக்குறதப் பொறுத்து."

கிதாரைப் பிடுங்கிக்கொண்டால் ஓய்வு பெற்ற எனக்கு மிஞ்சுவது தொலைக்காட்சியும் மூட்டு வலியும்.

3

அவளுடைய மதியத் தூக்கம் கெடக் கூடாதென்று தந்திகளுக்கு அடியில் ஒரு காலுறையைச் செருகினேன்.* கார்வை போய்விட்டது. மிஞ்சியது வெறும் டக், டக், டக். அப்போதுதான் கேட்டது: ஆள்காட்டி விரல் அவசரப்பட்டு நடுவிரலின் குதிகாலை மிதிக்கிறது! இத்தனை வருடம் இனிமைக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருட்டை ஒரு காலுறை காட்டிக்கொடுத்தது. வியப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு விரலையும் தனியாக விசாரித்தேன். பல்லி நடக்கும் வேகத்தில், ஒரு விரல் மீட்டியதும் அடுத்த விரலைத் தந்திமேல் உட்கார்த்தி, பொறுத்து, பிறகு விடுவது. சலிப்பாக இருக்குமென்று நினைக்கிறீர்கள். இல்லை, துப்பறிவதுபோல இருந்தது.

(* துவைத்த காலுறைதான். ஓரத்தில் அவள் எழுதியிருக்கிறாள்: 'நம்ப முடியவில்லை.')

4

இந்த இடத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். கிதார் வாசிக்கிற யாரும் வலது கையால் மத்தி மீன் டப்பாவைத் திறக்க மாட்டார்கள். நான் திறந்தேன். தந்தி மீட்டுகிற மோதிர விரல் நகம் பாதியோடு போயிற்று. நகம் உடைந்த கிதார்க்காரர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: மேசைப்பந்து ஒன்றை வெட்டி, நகமாக அராவி, பசை போட்டு ஒட்டினேன். பசை காய்ந்தபோது என் விரலோடு மேசையும் மேசையோடு...

சரி, நிறுத்திவிட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றுகிறாள்.

5

புதன்கிழமை காலுறையை உருவிவிட்டு வாசித்தேன். கதவு இடிபட்டது. ஃபுயென்சாந்தா.

"யாரு அந்த இன்னொருத்தன்?"

"எவன்?"

"பாட்டு ஒருத்தன், கீழ்ச்சுரம் ஒருத்தன். எனக்குக் காது இருக்குய்யா!"

திரைச்சீலை, அலமாரி, கடைசியில் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினாள். என் செருப்புதான் கிடைத்தது.

"அப்ப ரேடியோ. எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் வாசிக்கறேன்."

"ஒத்துக்கோ, ரேடியோதான்."

6

முடிவு, முதல் வகை: நான் வாசித்து முடித்ததும் மாடிக்காரர் என் பாதத்தில் விழுந்து அழுதார். 

இரண்டாவது வகை: மேசைப்பந்து நகம் பறந்து கூட்டத் தலைவரின் காபிக்குள் விழுந்தது.

"ரெண்டும் புளுகு," என்றாள் ஃபுயென்சாந்தா. "நடந்ததை எழுது."

நடந்தது இவ்வளவுதான். கூட்டத்துக்காகக் கட்டட வாசலில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அவள் தன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணால் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம். முதல் சில சுரங்கள் நொண்டின. பல்லியை நினைத்துக்கொண்டேன். பிறகு ஆள்காட்டி விரல் தன் முறை வரும்வரை காத்திருந்தது. மூன்று விரல்களும் நடந்தன.

முடித்தேன். அவள் மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், எழுந்து நின்றாள்.

வாக்கெடுப்பில் என் பக்கம் எத்தனை கை உயர்ந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் சொன்னால் கூட்டித்தான் சொல்வேன். அவள் சொன்னதை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்:

"குறிப்பெடுத்துக்கங்க. நான் கேட்டது ரெண்டு பேரு. இங்க இருக்கறது ஒருத்தன். நடந்தது நிஜம்."