அக்காவுக்கு ஒரு வக்கீல்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவர் எங்கள் அக்காவின் வக்கீல்.

பத்திரப் பதிவு முடிந்த அன்று அலுவலக வாசலில் நின்றுகொண்டு, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை மேடம்" என்று நான் இழுத்தேன். ஃபைலைப் பைக்குள் திணித்துக்கொண்டே அவர், "நீங்க கதை எழுதுவீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க. கதைன்னாலே வக்கீல் திருடனாத்தான் வர்றான். ஒரு தடவை ஒழுங்கான ஆளா எழுதிப் பாருங்களேன்" என்றார். சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

இவ்வளவுதானே என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் வில்லங்கம் புரிந்தது. திருட்டு வக்கீல் ஒருவர் கிடைத்தால் கதை தானாக ஓடும். ஒழுங்கான சொத்து வக்கீலின் வேலையோ, கதை எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. நடக்காமல் போன சண்டையை எப்படி எழுதுவது?

2

முதல் தொடக்கம்: 'அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடியதில் ஆரம்பித்தது எல்லா...'

[வேண்டாம். அப்பா தூக்கத்திலேயே போனவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.]

இரண்டாம் தொடக்கம்: 'பேராசை பிடித்த ஓர் அண்ணன் இருந்தான். அவன்...'

[இதுவும் வேண்டாம். பாதி எழுதிய பிறகுதான் இது பொய் என்று தெரிந்தது.]

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி: நாங்கள் மூன்று பேர். அண்ணன், அக்கா, கடைக்குட்டி நான். அண்ணன் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவன். நகரத்தின் மறுகோடியில் குடும்பத்தோடு இருக்கிறான். அக்கா தனி ஆள். அப்பாவோடு கடைசிவரை இருந்தவள் அவள்தான். மாடி வைத்த அந்த வீட்டின் கீழ் முன்னறையில் இரண்டு சுழல் நாற்காலியும் ஒரு நீளக் கண்ணாடியும் போட்டு பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறாள். அந்தத் தெருவில் யாருக்குப் புருவம் திருத்தினாலும் அந்த வீட்டின் கதை முழுவதும் அக்காவுக்கு வந்து சேர்ந்துவிடும். எங்கள் வீட்டின் கதை மட்டும் வெளியே போகாது.

அப்பா போன சில மாதங்களில் அண்ணன் ஓர் ஒப்பந்தத்தோடு வந்தான். ஒரு கட்டுமானக்காரர் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவார், ஆளுக்கொரு ஃப்ளாட். "மூணு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்" என்றான்.

"அதுவரைக்கும் நான் எங்க இருக்கறது? பார்லரை எங்க வெக்கறது?"

"வாடகைக்குப் பார்த்துக்கலாம்."

"கட்டி முடிக்கலைன்னா?"

"நீ எதுக்கெடுத்தாலும் இப்படித்தான்" என்று அண்ணன் செருப்பை மாட்டினான்.

அக்கா ஒப்பந்தத்தை மடித்து முகப்பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு வக்கீல் பார்க்கணும்டா, கூட வா" என்றாள்.

3

முதல் வக்கீலின் அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. பேனா வைக்கும் தாங்கிகூடக் கண்ணாடி. அக்கா கேள்வி கேட்பாள். அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். "உங்க சிஸ்டர் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்று, பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு என் வழியாகச் செய்தி அனுப்பினார். அக்கா என் காதில், "நான் செத்துட்டேன்னு நினைச்சுட்டார் போல" என்றாள்.

இரண்டாமவர் தொண்டையில் சிங்கம் குடியிருந்தது. நாங்கள் பாதி சொல்லும்போதே மேசையைத் தட்டினார். "கேஸ் போட்டுடலாம்மா. உங்க அண்ணன் அந்தத் தெருப்பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியாம பண்ணிடறேன்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எழுதுகிறவனுக்கு அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது வரம். படியிறங்கும்போது சொல்லவும் சொன்னேன்.

அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "அண்ணன் வரக்கூடாதுன்னு நான் எப்படா சொன்னேன்?"*

* பின்னாளில் நானும் எனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போது சிங்கத்திடம்தான் போனேன். அண்ணன், அக்கா இரண்டு பேர் மேலும் கேஸ் போடலாம் என்றார். வேறு ஆள் பார்த்துக்கொண்டேன்.

4

மூன்றாமவரைச் சொன்னது அக்காவின் வாடிக்கையாளர் ஒருவர். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, வெளியே ஒரு பெஞ்சு, தண்ணீர் கேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். நம்பிக்கை தரும் காட்சி என்று சொல்ல மாட்டேன்.

முழுவதையும் கேட்டார். இடையில் இரண்டொரு கேள்வி: மூலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது, வேறு சொத்து ஏதாவது உண்டா. நகருக்கு வெளியே அப்பா வாங்கிப் போட்ட காலிமனை ஒன்று இருப்பதைச் சொன்னோம்.

"இடிக்காம, கீழ்வீடு எனக்கு வர்ற மாதிரி முடியுமா மேடம்?" என்றாள் அக்கா.

"தெரியலைம்மா. பத்திரத்தைப் படிக்காம நான் எதுவும் சொல்லக்கூடாது. பார்த்துட்டுச் சொல்றேன்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. மற்ற இருவருக்கும் எல்லாம் உடனே தெரிந்திருந்தது. ஆனால் அக்கா முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு வக்கீல் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

"நானா? நான் அவங்க தம்பி."

"அதனாலதான். சொத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு. உங்களை வெச்சுக்கிட்டு அவங்க மனசுல இருக்கறதை எப்படிச் சொல்லுவாங்க?"

கூடவே வந்த நல்ல தம்பி நான். பஸ் டிக்கெட் எடுத்தவன் நான். அக்கா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

5

இந்தப் பகுதியில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கதையின் முக்கியமான காட்சி உள்ளே நடந்தது. ஆசிரியர் வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கற்பனையில் எழுதிப் பார்த்தேன்:

['அக்கா உடைந்து அழுதாள். "அந்த வீட்டை விட்டா எனக்கு..."' இல்லை. அக்கா அழுதால் மூக்கு சிவக்கும். வெளியே வரும்போது சிவந்திருக்கவில்லை.]

['"என் தம்பியை மட்டும் நம்பலாம் மேடம்" என்றாள்.' இது நான் எனக்கே எழுதிக்கொண்ட சான்றிதழ்.]

['"தம்பி யார் பேசினாலும் அவங்க பக்கம் தலையாட்டுவான்" என்றாள்.' இது நடந்திருக்கலாம்.]

பிறகு ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "அதையெல்லாம் எழுதப்போறியா?" என்றாள் அக்கா. "ஆமாம்." "அப்ப சொல்ல மாட்டேன்."

அன்று அந்தப் பெஞ்சில் எனக்குக் கோபம்தான். இப்போது யோசித்தால், இத்தனை வருஷத்தில் அக்காவிடம் தனியாக உட்கார்ந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அப்பா கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என்னை வெளியே அனுப்பியதற்கு அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன், மற்ற எதற்கும் பட்டதைவிட அதிகம்.

படியிறங்கும்போது அக்கா, "இவங்கதான்" என்றாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு அவங்களே சொன்னாங்களேக்கா."

"பார்லருக்கு வர்றவங்க எந்த கிரீம் போட்டா நல்லதுன்னு கேட்டா, தெரியாமலே எத்தனை தடவை அடிச்சு விட்டிருக்கேன் தெரியுமா? தெரியாததைத் தெரியலைன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும்டா."

6

சொன்னபடி வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கேஸ் வேண்டாம், பேசிப் பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அண்ணனும் நானும் தனித்தனி வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும். "நாளைக்கு யாரும், என்னை ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக்கூடாது."

அக்கா அண்ணனுக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என் மேலயே வக்கீல் வெச்சியா?"

"உன் மேல இல்லண்ணா. எனக்கு வெச்சேன்."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம். பிறகு போன் வைக்கிற சத்தம்.

[இங்கே அண்ணனை வில்லனாக்க இன்னொரு வாய்ப்பு. கட்டுமானக்காரரோடு ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து...]

அப்படி எதுவும் நடக்கவில்லை. வேறொரு நாள், சட்டைப்பையில் சீப்பு வைத்திருக்கும் சாதுவான ஒரு வக்கீலோடு அவன் மருந்துக்கடை மாடி ஏறி வந்தான். எல்லோருக்கும் நாற்காலி போதவில்லை. பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டோம். இந்தமுறை என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை.

அக்காவின் வக்கீல் சீப்புக்காரரைப் பார்த்து, "உங்க கட்சிக்காரர்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றார். அவர் தலையசைத்ததும் அண்ணனிடம் திரும்பினார். "இந்த வீட்ல உங்களுக்கு என்ன சார் வேணும்?"

"ஃப்ளாட்."

"ஃப்ளாட் வேற எங்கயும் வாங்கலாம். இந்த வீட்ல?"

அண்ணன் தன் கையில் ஒட்டியிருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"மாடி கட்டும்போது அப்பாவுக்கு மணல் சுமந்து கொடுத்தது நான். இதுங்க ரெண்டும் அப்ப சின்னப் பிள்ளைங்க. இப்ப வீடு இவ பேருக்குப் போயிடுச்சுன்னா, நான் அங்க விருந்தாளி. வந்தா காபி குடுப்பா, குடிச்சுட்டு எழுந்து போகணும். இடிச்சுட்டா அந்தப் பேச்சே இல்ல."

அக்கா அவனைப் பார்த்தாள். சிறுபிள்ளையில் அவன் மிதிவண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது பார்த்திருப்பாளே, அந்தப் பார்வை. [இந்த உவமை சுமார். ஆனால் பார்வை அதுதான்.]

"மாடியை எடுத்துக்கயேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வக்கீல்களின் வேலை. கீழ்த்தளம் அக்காவுக்கு, மாடி அண்ணனுக்கு, காலிமனை எனக்கு. மாடிக்கு வெளிப்படி. விற்பதானால் ஒருவர் மற்றவரை முதலில் கேட்க வேண்டும். அக்காவின் வக்கீல் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். புரிந்ததா என்று மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டார். ஒரு வரி எனக்குப் புரியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன். திரும்பப் படித்தார்.

7

முடிவு.

முதல் முடிவு: பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். [நடக்கவில்லை. அண்ணன் விரல் மையைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.]

இரண்டாம் முடிவு: மாடி பூட்டியே கிடக்கிறது, பாசம் பத்திரத்தோடு தீர்ந்தது. [பல வாரங்கள் இதுதான் முடிவு என்றிருந்தேன்.]

இன்று சனிக்கிழமை. அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. அண்ணன்.

"பத்திரத்துக்கு வீட்டை அளக்க வந்தப்பப் பார்த்தேன், பார்லர்ல வாஷ்பேசின் குழாய் ஒழுகிட்டிருந்துது. சரி பண்ணிட்டியா?"

போன வாரம்தான் பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையை உயர்த்தினாள்.

"இல்லண்ணா. இன்னும் ஒழுகுது."

"நாளைக்கு வர்றேன்."

போனை வைத்துவிட்டு அக்கா பழைய பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினாள். பேனாவை வைத்துவிட்டு, பேசினுக்குக் கீழே போய் மல்லாந்து படுத்தேன்.

"எவ்வளவு லூஸ் பண்ணட்டும்?"

அக்கா குனிந்து பார்த்தாள். யோசித்தாள்.

"சட்டுனு சரியாயிடற மாதிரி வேணாம்டா. மத்தியானம் வரைக்குமாவது ஆகணும்."

அவள் சொன்ன அளவுக்குத் திருகிவிட்டு, அடியில் ஒரு வாளியையும் வைத்துவிட்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன். நாளைக்கு நடக்கப்போவது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்று அந்த மருந்துக்கடை மாடிக்குப் போய் வந்த பிறகு முடிவெடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். காபியை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.