அஷ்டமி நிலவில் ஒன்றரை ஏக்கர்

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே இருந்த சடையப்பனின் ஒன்றரை ஏக்கர் நஞ்சை, தை மாதம் பதினோராம் தேதி காலை பத்தரை மணிக்கு, சடையப்பனையும் ஏற்றிக்கொண்டு நிலவுக்குப் போய்விட்டது. தொழிற்பேட்டைக்காக அந்த நிலத்தை அளந்து எடுக்க வந்திருந்த ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று எட்டு மாதமாகச் சொல்லிவந்த மனிதர் அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடமேற்கு மூலை வரப்பைச் செதுக்கப் போனார். மூன்றாவது வெட்டு விழுந்ததும் நிலம் நான்கு பக்கமும் பிட்டுக்கொண்டு கிளம்பியது. மோட்டார் கொட்டகை, இரண்டு பனைமரம், அறுத்த தாள் எல்லாம் ஆடாமல் அசையாமல் எழும்பின; மின்கம்பி மட்டும் தெறித்து அறுந்தது. மேற்கே வெளுத்துக் கிடந்த பகல் நிலாவைப் பார்த்து அது போனது. முறம் அளவாகி, வெற்றிலை அளவாகி, எள்ளளவாகி மறைந்தது. வந்தவர்கள் ‘நிலம் ஸ்தலத்தில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு, வேப்பமர நிழலில் மோர் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். அடுத்த வாரம் கரண்டு மீட்டரைக் கழற்ற வந்தவர், மீட்டரும் கொட்டகையோடு போய்விட்டது என்று தெரிந்ததும், அதற்கென்று ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து வாங்கிக்கொண்டு போனார்.

சடையப்பனின் மனைவி கன்னியம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. நிலம் போன இடத்தில் இரண்டாள் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து, மழையில் குளமாகி, கொக்குகள் வந்து நிற்கத் தொடங்கின. குளத்தை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பி ஒரு கம்பெனி வந்தது. கன்னியம்மா அந்தக் கம்பெனியின் கேன்டீனிலேயே பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். மகன் வெங்கடேசன் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினான். தாயும் மகனும் கூடுவாஞ்சேரியில் மொட்டைமாடியை ஒட்டிய ஒரு போர்ஷனுக்குக் குடிவந்தார்கள். சொந்தக்காரர்கள் முதல் வருஷம் ‘வந்துடுவார்’ என்றார்கள். இரண்டாம் வருஷம் பேச்சை மாற்றினார்கள். மூன்றாம் வருஷம் நாள் பார்த்தார்கள். சடையப்பனின் தம்பி சின்னராசு பங்குனி மாதக் கடைசியில் வந்து உட்கார்ந்து, அண்ணன் ஆத்மா இப்படி அந்தரத்தில் நிற்கக் கூடாது, ஆடி அமாவாசைக்குக் கருமாதியை முடித்துவிடலாம் என்றான். கருமாதி என்றால் கன்னியம்மாவின் தாலியைக் கழற்றி, வளையலை உடைத்து, பொட்டை அழிப்பது. சின்னராசு கெட்டவன் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவன், அவ்வளவுதான். கன்னியம்மா அவனுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“அவரு மேல கீறாரா இல்லியான்னு என் கண்ணால பாக்கறேன். பாத்துட்டு இல்லன்னா, நானே கழட்டிக் குடுக்கறேன். பாக்காம ஒருத்தனும் கைய வைக்கக் கூடாது.”

நிலாவில் இருக்கிறவரை இங்கிருந்து எப்படிப் பார்ப்பது என்று சின்னராசு கேட்டான். கன்னியம்மா அதற்கான வழியை மறுநாள் காலையிலிருந்து தேட ஆரம்பித்தாள்.

வெங்கடேசன் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை, ஆனால் எதையும் முதல் கடையிலேயே வாங்கிவிடுகிறவன். மாமல்லபுரத்தில் சங்குமாலையும் தொப்பியும் விற்கிற ஒரு பிளாட்பாரக் கடையில், நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று எழுதியிருந்த ஒரு பைனாகுலரை வாங்கி வந்தான். அதன் கண்ணாடி குங்குமச் சிவப்பில் பளபளத்தது. கன்னியம்மா அதில் நிலவைப் பார்த்தாள். இரண்டு நிலா தெரிந்தது, இரண்டுக்கும் ஓரத்தில் ஊதாச் சாயம் வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கடைக்காரனிடம் அதைத் திருப்பி நீட்டினாள். ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றாள். இவளை அனுப்பினால் போதும் என்று கடைக்காரன் பணத்தையும் கொடுத்து, நிஜமாகவே வானம் பார்க்கிற பைனாகுலர் வேண்டுமென்றால் புதுப்பட்டினத்தில் ஜெஸ்ஸி மேடத்தைப் பார் என்று வழியும் சொல்லிவிட்டான்.

ஜெஸ்ஸி நாகர்கோவில்காரி. பக்கத்து நகரியத்து ஆராய்ச்சிக் கூடத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிறு சாயங்காலங்களில் புதுப்பட்டினம் கடற்கரைக்குத் தன்னுடைய பைனாகுலர்களைக் கொண்டுவந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டுவாள். கன்னியம்மா வந்த காரியத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்டாள். பிறகு பைனாகுலரில் இரண்டு எண் இருக்கும் என்று விளக்கினாள். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டே கொண்டுவரும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. மடங்கைக் கூட்டிக்கொண்டே போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்காகும், பார்க்கிற வட்டமும் சிறுத்துப்போகும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், பின்னால் கண்ணுக்குள் விழுகிற ஒளியின் அகலம் வரும். ஐம்பது வயதுக்கு மேல் கண்ணின் பாப்பா இருட்டில்கூட ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விரியாது, அதைவிட அகலமாக வருகிற ஒளி வீண் என்றாள் ஜெஸ்ஸி. கன்னியம்மா அலையைப் பார்த்தபடி கேட்டாள்:

“மடை சின்னதா இருந்தா ஏரி எம்மாம் பெருசா இருந்து இன்னா பிரயோஜனம்? அதான சொல்ற?”

அதேதான் என்றாள் ஜெஸ்ஸி. ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்கலாம் என்று நினைத்த பாடம் அதோடு முடிந்துவிட்டது.

ஆனாலும் அவள் படித்தவள், கணக்கை மறைக்க மனம் வரவில்லை. ஒன்றரை ஏக்கர் இங்கிருந்து எந்தப் பைனாகுலரிலும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். இந்தக் கரையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஒரே வயலாக இருந்தால்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். கன்னியம்மா இதற்கு அசரவில்லை. சடையப்பனுக்கு ஒரு குணம் உண்டு. வருஷா வருஷம் நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேடை கலக்கும்போது வரப்பைப் பக்கத்து நிலத்துப் பக்கமாக நாலு விரல் தள்ளி வைப்பார். இதற்காகப் பஞ்சாயத்து மூன்று முறை கூடியிருக்கிறது.

“மூணு வருசமாச்சி கண்ணு. அங்க கேக்கறதுக்குப் பக்கத்து நெலத்துக்காரன் இல்ல. இந்நேரம் செங்கல்பட்டு ஜில்லா அளவுக்குத் தள்ளியிருப்பாரு.”

அதற்குப் பிறகு எது வாங்குவது என்ற பேச்சு சுலபமாயிற்று. இருபத்தைந்துக்கு நூறு என்பது நாலு கிலோ, விலை கன்னியம்மாவின் ஐந்து மாதச் சம்பளம். இருபதுக்கு எண்பதும் கைக்கு எட்டவில்லை. பத்துக்கு ஐம்பது கையில் பிடிக்கச் சுகமானது, ஆனால் நிலவில் வரப்புத் தேடுகிறவளுக்குப் போதாது. சீட்டில் எடுத்த பன்னிரண்டாயிரத்துக்குள் நின்றது பதினைந்துக்கு எழுபது. வெங்கடேசன் போனில் ஆர்டர் போட்டான். கன்னியம்மா கத்தரிக்காய் வாங்கினாலே காம்பைக் கிள்ளிப் பார்க்கிறவள். வந்த பெட்டியைப் புதுப்பட்டினம் கரைக்கு எடுத்துப் போய், வடக்கே மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள். ஒரு கண்ணுக்கு ஒரு விளக்கம், இன்னொரு கண்ணுக்குச் சற்று மேலே இன்னொரு விளக்கம். இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று ஜெஸ்ஸி சொல்ல, திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் குவியத்தைத் திருகும் சக்கரம் வைத்த இடத்தில் நிற்கவில்லை, அதுவும் போயிற்று. இனி ஒன்று திரும்பினால் விற்கிறவன் நம் பேரையே எடுத்துவிடுவான் என்று வெங்கடேசன் அலுத்துக்கொண்டான். மூன்றாவதில் ஒரே கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதன் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை ஏழு பேர் என்று எண்ணிச் சொன்னாள். எட்டு என்று ஜெஸ்ஸி திருத்தினாள், ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மலிவான முக்காலி காற்றில் ஆடியது. வெல்டிங் கடைக்காரரிடம் சொல்லி மொட்டைமாடியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் ஏற்றம்போல இன்னொரு குழாயைக் குறுக்கே மாட்டி, ஒரு முனையில் பைனாகுலரையும் மறுமுனையில் அம்மிக்குழவியையும் கட்டினாள் கன்னியம்மா. ஒரு விரலால் தொட்டால் ஏறியது, விட்டால் நின்றது. ஜெஸ்ஸி அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆனி பௌர்ணமியன்று பார்ப்பது என்று முடிவாயிற்று. நல்ல நாள், முழு நிலா, வேறென்ன வேண்டும்? சின்னராசு சொந்தக்காரர்கள் இருபது பேரோடு வந்து மாடி ஏறினான். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர்மாதிரி ஒரே வெளுப்பு, ஒரு மேடில்லை, பள்ளமில்லை, வரப்பில்லை. கன்னியம்மா கடைசியாகப் பார்த்தாள். கண்ணில் நீர் வரும்வரை பார்த்தாள். சின்னராசு தணிந்த குரலில், பாத்தாச்சு அண்ணி, ஒண்ணும் இல்ல, என்றான். இரண்டு நாள் கன்னியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாலிக்கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

மூன்றாம் நாள் கம்பெனியில் புதிய ஷெட்டுக்காக மண் நிரவிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் கழுநீர் கொட்டப் போனபோது தரை தாம்பாளமாகத் தெரிந்தது. சாயங்காலம் வேலை முடிந்து அதே வழியில் வந்தாள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேடும் தன் நிழலைப் போட்டுக்கொண்டு கிடந்தது, டயர் தடம்கூட வாய்க்காலாகத் தெரிந்தது. கன்னியம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பரம்பு அடித்துச் சமன்செய்த வயலைச் சடையப்பன் ஒருநாளும் உச்சிவெயிலில் பார்த்ததில்லை. சாயங்காலம்வரை காத்திருந்து, வரப்பில் குந்தி, வெயில் சாய்ந்த பிறகுதான் பார்ப்பார். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே ஜெஸ்ஸிக்குப் போன் போட்டாள். பௌர்ணமியன்று நாம் பார்க்கிற இடமெல்லாம் அங்கே உச்சிவெயில்தான், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கூட்டத்தைக் கூட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று ஜெஸ்ஸி வருத்தப்பட்டாள். பாதி நிலவன்று நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்த வெயில் விழும், அன்றைக்குப் பாருங்கள் என்றாள். வளர்பிறையில் பாதி நிலா வருவது அஷ்டமியில். அஷ்டமியில் ஊரில் யாரும் எந்தக் காரியத்தையும் எடுக்கமாட்டார்கள். மூன்று வருஷமாக யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனி மாதக் கடைசியில் அஷ்டமி வந்தது. அதைவிட்டால் ஆடி அமாவாசைக்கு முன்னால் வேறு வளர்பிறை அஷ்டமி இல்லை. சின்னராசுவைக் கூப்பிட்டபோது, அஷ்டமியில் யாராவது இதையெல்லாம் செய்வார்களா என்று தயங்கினான்.

“நல்ல காரியத்துக்குத்தான் அஷ்டமி ஆவாது” என்றாள் கன்னியம்மா. “நீ பண்ணப் போறது கருமாதிதான. வந்து பாத்துட்டுப் போ.”

பொழுது சாய்ந்து இன்னும் விளக்குப் போடாத நேரம். நிலா தலைக்கு மேலே பாதியாக நின்றது. கன்னியம்மா குழாயை ஒரு விரலால் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைத் திருகினாள். முதலில் குழிகள் தெரிந்தன. பிறகு வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டை ஒட்டி, குழிகளுக்கு நடுவே, சதுரம் சதுரமாக வயல் தெரிந்தது. ஒவ்வொரு வரப்பும் நிழலோடு கோடு கிழித்துக் கிடந்தது. வடமேற்கு மூலையில் அரிவாள் மூக்குப்போல ஒரு வளைவு. அந்த வளைவுக்காகத்தான் மூன்று பஞ்சாயத்து நடந்தது. பயிர் கருத்து நின்றது, நட்டு இருபது நாள் இருக்கும். அவள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சக்கரத்தைத் திருகினாள். அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தாள். வரப்பெல்லாம் வெறுமையாக வெளுத்துக் கிடந்தது. நடவு முடிந்த கையோடு வரப்பில் உளுந்து ஊன்றுவது கல்யாணமான நாளிலிருந்து கன்னியம்மாவின் வேலை. பத்து நாள் தாமதமானாலும் சடையப்பன் முணுமுணுப்பாரே தவிர அதில் கைவைக்கமாட்டார். ஒரு ஜில்லா அளவுக்கு நட்ட மனிதர் வரப்பை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

சின்னராசு அடுத்துப் பார்த்தான். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது பெருமூச்சு விட்டான்.

“அண்ணன் இன்னும் தள்ளிகினுதான் கீறாரு” என்றான்.

அமாவாசைக்குச் சொல்லிவைத்திருந்த புரோகிதரிடம் அவனே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். கன்னியம்மா அதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தாள். கம்பெனிக் குளத்தின் கரையிலிருந்து தினமும் ஒரு டிபன் டப்பா மண் எடுத்துவந்தாள். கேட்டில் பையைச் சோதித்த செக்யூரிட்டி, மண்தானே என்று விட்டுவிட்டார். இருபது நாளில் மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நாலு பக்கமும் ஒரு சின்ன வரப்பு எழும்பியது. வீட்டுக்காரர் வந்து, ஒழுகினால் நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த அஷ்டமியன்று சாயங்காலம், குளித்து, புதிதாகப் பொட்டு வைத்து, குச்சியால் குழி குத்தி, குழிக்கு மூன்றாக விதை உளுந்தை ஊன்றினாள். தண்ணீரும் தெளித்தாள்.

பத்து நாளாகியும் மாடியில் ஒன்றும் முளைக்கவில்லை. எறும்பு தின்றிருக்கும் என்றான் வெங்கடேசன். கன்னியம்மா கிளறியும் பார்க்கவில்லை. ஆவணி அஷ்டமியில் வானம் மூடியிருந்து, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் விலகியது. அவள் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். வடமேற்கு மூலை வளைவில் தொடங்கி, வரப்பு நெடுக உளுந்து இரண்டிலை விட்டிருந்தது. வெங்கடேசனும் பார்த்து, கிழக்கே கொஞ்சம் நெருக்கி ஊன்றியிருக்கிறாய் என்றான். அந்தப் பக்கம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இடித்தது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். அந்தப் போகம் உளுந்து நன்றாக விளைந்தது.